பக்கம் மாறினால் குறி மாறும்

அரைக்கிராமை அவருடைய மெஷினிடமிருந்து பிரித்த உத்தரவை டைப் அடித்தவன் நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன் என்று அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாக வேறு இருந்தது.

அரைக்கிராம் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆளைப் பார்த்து வைத்ததல்ல. நல்ல உயரமான பெண்மணி, அதற்கேற்ற உடம்பு. அவர் எதிரே வந்தால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள்கூட ஓரம் கட்டுவார்கள். எங்கள் மருத்துவமனை ரத்த வங்கியில் பத்தொன்பது வருஷம் ஒரே அறையில் ஒரே வேலையைப் பார்த்தவர். தானமாக வந்த ரத்தத்தைப் பையோடு ஒரு பெரிய மெஷினுக்குள் வைத்துக் கண்மண் தெரியாத வேகத்தில் சுற்ற வேண்டும். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும், இளமஞ்சள் நீர் மேலே தெளியும். அதைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள்.

மெஷினுக்குள் ஆறு வாளிகள் வட்டமாகத் தொங்கும். எதிரெதிர் வாளிகள் ஒரே எடையில் இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் மெஷின் பேய் பிடித்த மாதிரி ஆட ஆரம்பிக்கும். ரத்தப் பைகளோ அச்சில் வார்த்த மாதிரி ஒரே எடையில் வருவதில்லை. அதனால் ஒவ்வொரு ஜோடி வாளியையும் இரண்டு தட்டுத் தராசில் ஏற்றி, லேசாக இருக்கிற பக்கத்தில் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளைப் போட்டு முள்ளை நடுவில் நிறுத்த வேண்டும். மற்ற ஊழியர்கள் இரண்டு மூன்று கிராம் வித்தியாசத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் அரை கிராமுக்கு மேல் போனால் மூடியை மூட மாட்டார். டாக்டர் அவசரப்படுத்தினாலும் மூட மாட்டார். ஒவ்வொரு ரப்பர் துண்டிலும் அதன் எடையைப் பேனாவால் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் மெஷின் ஆடி நின்றதாக ஒரு பதிவுகூட இல்லை.

அப்படிப்பட்ட அறைக்குள்தான் மேலிடத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. எடையும் அளவும் சம்பந்தப்பட்ட வேலை என்பதால், இந்த மெஷின்களை இயக்குகிறவர்கள் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தேறியிருக்க வேண்டுமாம்.

அரைக்கிராம் தேறியிருக்கவில்லை. மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மார்க். கணக்கில் தேற முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் இருபத்தேழு. மறுபடி எழுதினார், இருபத்து நான்கு. இன்னொரு தடவை எழுதினார், இருபத்தொன்று. "அதுக்கப்புறம் நானே நிறுத்திட்டேன் அண்ணா. அடுத்தது பதினெட்டுன்னு தெரிஞ்சுபோச்சு" என்று என்னிடம் சொன்னார். கணக்கு வரவில்லை என்று பெயர் எடுத்தவருக்கு அந்தக் கணக்கு மட்டும் பட்டென்று வந்தது.

ரத்த வங்கிப் பொறுப்பில் இருந்த பெரிய டாக்டர் விலக்குக் கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். விலக்கு இல்லை, ஒரு வருஷம் அவகாசம் என்று பதில் வந்தது. அதற்குள் தேறினால் பழைய இடம். அதுவரை முன்வாசல் மேஜையில் உட்கார்ந்து, ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்க வேண்டும். டோக்கன் கிழிக்கக் கணக்கு தேவையில்லை என்று மேலிடம் தீர்மானித்திருந்தது. அதில் எண்கள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

அவர் இடத்துக்கு ஆள் தேடியபோது, பழைய ஆவணங்கள் வைக்கிற அறையில் ஒரு கணக்குப் பட்டதாரி இருப்பது தெரிந்தது. முப்பத்தெட்டு வயது, ஒடிசலான மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுத்தான் கையெழுத்துப் போடுவார் என்பதால் எங்களுக்கு அவர் பட்டதாரி. அவரை மெஷின் அறைக்கு மாற்றினார்கள்.

முதல் நாள் அவர் தராசைத் தொடவே இல்லை. சோம்பலால் அல்ல. பை ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி ரத்தம் என்று லேபிளில் இருக்கிறது, ஒரு மில்லி ரத்தம் எத்தனை கிராம் என்று புத்தகத்தில் இருக்கிறது. பெருக்கினால் எடை வந்துவிடுமே என்று ஒரு தாளில் அழகாகப் போட்டு, எதிரெதிர் ஜோடிகளைப் பிரித்தார். பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் பையோடு தொங்குகிற குழாய் ஒன்றில் நீளம், ஒன்றில் குட்டை என்பது தாளில் இல்லை. வாளிகளுக்கே எடை வித்தியாசம் உண்டு என்பதும் இல்லை. மெஷின் வேகம் எடுத்ததும் கடகடவென்று ஆடி, தரையில் ஒரு சாண் தூரம் நகர்ந்து, அலறி நின்றது. திறந்து பார்த்தால் ஒரு பை கிழிந்திருந்தது. யாரோ ஒருவர் காலையில் கை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போன ரத்தம் வாளிக்குள் குளமாகக் கிடந்தது.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். பட்டதாரியைத் திட்டவில்லை. முன்வாசலுக்குப் போய் அரைக்கிராமைக் கூப்பிட்டார். மெஷினைத் தொடக் கூடாது என்றுதான் உத்தரவு, பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லையே என்றார். அதை அடித்தவன் என்ற முறையில் நானும் இல்லை என்று உறுதி சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் அரைக்கிராம் மெஷின் அறையில் நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், பழக்க தோஷத்தில் எதையாவது தொட்டுவிடக் கூடாதே என்று. வாய் மட்டும் வேலை பார்த்தது. "அந்தக் குழாயை உள்ள மடிங்க சார். முள்ளைப் பாருங்க, என் முகத்தைப் பாக்காதீங்க. இன்னும் ஆடுது. நிக்கட்டும்." தகுதி இல்லாதவர் சொல்லச் சொல்லத் தகுதியுள்ளவர் செய்தார். மெஷின் ஒழுங்காக ஓடியது. மூன்று மாதம் கழித்து மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போனது: உரிய தகுதியுள்ளவரை நியமித்ததன் பயனாக இயந்திரம் தடையின்றி இயங்கி வருகிறது. அதையும் அடித்தேன்.

இதற்கிடையில் அரைக்கிராம் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கணக்குப் புத்தகம் வாங்கி வீட்டில் பிரித்தார். முதலில் உதவி கேட்டது கணவரிடம். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். கணக்கில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவர் என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து மாதம் ஒரு தடவையாவது நினைவூட்டி வந்தவர். மனைவி புத்தகத்தோடு வந்து உட்கார்ந்ததும் அவருக்குக் குளியலறைக் குழாய் ஒழுகுவது ஞாபகம் வந்தது. மறுநாள் சமையலறைக் குழாய். "ஒரே வாரத்துல வீட்டுல இருக்கிற எல்லாக் குழாயையும் சரி பண்ணிட்டாரு. ஒழுகாத குழாயையும்" என்றார் அரைக்கிராம்.

விஷயம் பட்டதாரி காதுக்குப் போனது. தன்னால்தான் ஒரு பை ரத்தம் வீணானது என்று அவர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சொல்லித் தரட்டுமா என்று அவராகவே கேட்டார். மெஷின் அறையை ஒட்டித் தராசு வைத்திருக்கிற சின்ன அறையில் நான் வழக்கமாக உட்கார்ந்து சாப்பிடுவேன். அங்கேதான் பாடம். ஆகவே மூன்று பேரும் டிபன் பாக்ஸும் அல்ஜீப்ராவுமாக உட்கார்ந்தோம்.

முதல் பாடம் இரண்டு நிமிஷத்தில் முட்டிக்கொண்டது. பட்டதாரி நோட்டில் 2x + 7 = 19 என்று எழுதினார். ஏழை அந்தப் பக்கம் கொண்டு போங்கள், கூட்டல் கழித்தல் ஆகிவிடும், பத்தொன்பதில் ஏழு போனால் பன்னிரண்டு, எக்ஸ் ஆறு என்று மளமளவென்று முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

அரைக்கிராம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் போனா ஏன் சார் மாறணும்?"

"பக்கம் மாறினா குறி மாறும்க்கா. அதுதான் விதி."

"விதிதான். எங்க டீச்சரும் அதைத்தான் சொன்னாங்க. ஏன்னு கேட்டேன், வெளிய நிக்க வெச்சாங்க. இங்க இருக்கிற வரைக்கும் நல்லா இருந்த ஏழு, அந்தப் பக்கம் போனதும் எதுக்குக் கழித்தல் ஆகுது? வழியில என்ன ஆச்சு அதுக்கு?"

பட்டதாரி அதே கணக்கை இன்னொரு தடவை எழுதிக் காட்டினார். பிறகு, இதை அப்படியே மனசில் வைத்துக்கொண்டால் போதும், மார்க் வந்துவிடும் என்றார். மனசில் வைத்துக்கொண்டுதான் இருபத்தேழு வாங்கினேன் என்றார் அரைக்கிராம். நானும் கணக்கில் தேறியவன்தான், சான்றிதழ் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. என்னைக் கேட்டுவிடப் போகிறார்களே என்று குனிந்து சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் இப்படியே போனது. அரைக்கிராம் குறியைச் சில சமயம் மாற்றுவார், சில சமயம் மறந்துவிடுவார், மாற்றக் கூடாத இடத்தில் ரொம்ப அக்கறையாக மாற்றுவார். பட்டதாரி பொறுமை இழக்கவில்லை. ஆனால் டிபன் பாக்ஸ் மூடியை அவர் மூடுகிற சத்தம் நாளுக்கு நாள் கூடியது.

ஒரு நாள் அவர் கைகழுவப் போயிருந்தபோது அரைக்கிராம் எழுந்து தராசுப் பக்கம் போனார். தராசைத் தொடக் கூடாது என்று உத்தரவில் இல்லை, மெஷினை மட்டும்தான். ஒரே மாதிரியான பஞ்சுப் பொட்டலம் இரண்டை இடது தட்டில் வைத்தார். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஏழு கிராம் என்று எழுதிய ரப்பரை எடுத்து அதோடு போட்டார். வலது தட்டில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். இருபத்து மூன்று கிராமில் முள் நடுவில் நின்றது.

பட்டதாரி ஈரக் கையோடு திரும்பி வந்தார்.

"இது உங்க கணக்குதானே சார்? பொட்டலம் என்ன எடைன்னு தெரியாது. அதுதான் எக்ஸ். ரெண்டு எக்ஸ், ஒரு ஏழு, அந்தப் பக்கம் இருபத்து மூணு."

அவர் தலையாட்டினார்.

அரைக்கிராம் இடது தட்டிலிருந்து ஏழு கிராம் ரப்பரை எடுத்தார். தட்டு மேலே ஏறியது. "இப்ப மெஷின் ஆடும்" என்றார். வலது தட்டிலிருந்து ஏழு கிராம் எடுத்தார். ஐந்தையும் இரண்டையும் தேடி எடுக்கச் சற்று நேரம் ஆனது. முள் ஆடி ஆடி நடுவுக்கு வந்து நின்றது. "இப்ப ஆடாது. ரெண்டு பொட்டலம் பதினாறு. ஒரு பொட்டலம் எட்டு." ஒரு பொட்டலத்தையும் எட்டு கிராமையும் தட்டில் விட்டுவிட்டு மீதியை எடுத்துக் காட்டினார். நின்றது.

"இதுல எங்க சார் குறி மாறிச்சு? எதுவுமே அந்தப் பக்கம் போகலையே. இந்த ஏழு டப்பாவுக்குத்தான் போச்சு. அந்தப் பக்கத்து ஏழும் டப்பாவுக்குத்தான் போச்சு."

பட்டதாரி துடைக்க மறந்த கையோடு முள்ளையே பார்த்தபடி நின்றார். அவர் கணக்கை மூன்று வருஷம் கல்லூரியில் படித்து, அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் பள்ளியில் படித்தவர். "இதை எனக்கு யாரும் சொல்லலைக்கா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லியிருப்பாங்க. நான்தான் விடை வந்துடுச்சேன்னு கேக்காம விட்டிருப்பேன்" என்றார்.

நான் அன்றைக்குச் சாப்பாட்டை முடிக்கவே இல்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் பீரோவில் இருக்கிற சான்றிதழுக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு பாடம் வேறு மாதிரி நடந்தது. பட்டதாரி கணக்கை எழுதுவார், அரைக்கிராம் அதைத் தட்டில் ஏற்றிப் பார்ப்பார். x − 4 = 10 என்று வந்தபோது கொஞ்சம் திணறினார், இல்லாத நாலு கிராமை எப்படித் தட்டில் வைப்பது என்று. பிறகு, இது நாலு கிராம் எடுத்துவிட்ட பொட்டலம், எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டியதுதான், இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கமும் போட வேண்டும் என்று தானே தெளிந்தார். இரண்டு பக்கமும் எக்ஸ் இருக்கிற கணக்கு, பள்ளியில் அவரை அழ வைத்த கணக்கு, இப்போது விளையாட்டாகப் போனது. 5x + 2 = 3x + 14 என்றால் இரு தட்டிலிருந்தும் மூன்று மூன்று பொட்டலம், பிறகு இரண்டு இரண்டு கிராம். மிச்சம் இரண்டு பொட்டலம், பன்னிரண்டு. விடையை மறுபடி கணக்கில் போட்டு, இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு வருகிறதா என்று பார்க்காமல் நோட்டை மூட மாட்டார்.

ஒவ்வொரு வரியிலும் 'இரு பக்கமும் இவ்வளவு எடுத்தேன்' என்று முழுசாக எழுதுவார். ஒரு கணக்குக்கு ஒரு பக்கம் ஆகும். இதெல்லாம் எழுத வேண்டியதில்லை, நேரம் போய்விடும் என்று பட்டதாரி கெஞ்சினார். எடுத்ததை எழுதாவிட்டால் எடுத்தேன் என்று எப்படித் தெரியும் என்பது அரைக்கிராமின் கட்சி. அதே சமயம் மெஷின் அறையில் பட்டதாரியின் கையும் தேறிக்கொண்டு வந்தது. முதலில் மூன்று கிராம், பிறகு ஒன்று. ஒரு காலையில் அரை கிராமுக்குள் நிறுத்திவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார். அரைக்கிராம் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, தன் டோக்கன் மேஜைக்குப் போய்விட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். பெஞ்சுகள் எல்லாம் பதினைந்து வயதுக்காரர்களுக்காகச் செய்தவை. அரைக்கிராம் வாசலில் நுழைந்தபோது மேற்பார்வையாளர், பெற்றோர் எல்லாம் கேட்டுக்கு வெளியே காத்திருக்கணும்மா என்று மரியாதையாகச் சொன்னார். நுழைவுச் சீட்டைக் காட்டிய பிறகு அதில் இருந்த படத்தையும் முகத்தையும் மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பதினோராவது கேள்வி வரும் வரை. தீர்க்கவும்: 4x + 6 = 4x + 15. அரைக்கிராம் வழக்கம்போல் இரண்டு தட்டிலிருந்தும் நாலு நாலு பொட்டலத்தை எடுத்தார். மிஞ்சியது ஆறு, எதிரே பதினைந்து. எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்று அடித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடி ஆறும் பதினைந்தும். நாற்பது நிமிஷம் அந்த ஒரு கணக்கிலேயே போனது. பக்கத்துப் பெண் சட்டென்று ஏதோ விடை எழுதிப் பக்கத்தைத் திருப்பியதைப் பார்த்ததும் மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னார். கடைசியில் இப்படி எழுதினார்: 'இரு பக்கமும் நாலு எக்ஸ் எடுத்தேன். 6 = 15 என்று வருகிறது. எக்ஸ் என்ன எடையாக இருந்தாலும் இது நிற்காது.' எழுதியது எழுதியதுதான் என்று அடுத்ததற்குப் போனார். நேரம் போதாமல் கடைசி இரண்டு கேள்விகள் விட்டுப்போயின.

வீட்டுக்கு வந்ததும் கணவர் எப்படி எழுதினாய் என்று கேட்டார். ஒரு கணக்குத் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்றார் இவர். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று எழுபத்தெட்டு மார்க் சிரித்தது.

பட்டதாரியிடம் மறுநாள் கேள்வித்தாளைக் காட்டினார். அவர் பழக்க தோஷத்தில் நாலு எக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பேனாவை எடுத்து, பாதியில் நிறுத்தினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "நீங்க எழுதினதுதான்க்கா சரி" என்றார்.

பத்து நாளில் அறிவிப்பு வந்தது. பதினோராவது கேள்வியில் அச்சுப்பிழை. வலது பக்கம் இருக்க வேண்டியது நாலு எக்ஸ் அல்ல, ஒரு எக்ஸ். ஆகவே அந்தக் கேள்வியை எழுத முயன்ற எல்லாருக்கும் முழு மார்க். மூன்று என்று எழுதியவருக்கும் ஐந்து, எட்டு எக்ஸ் சமம் ஒன்பது என்று எழுதியவருக்கும் ஐந்து, இது நிற்காது என்று எழுதியவருக்கும் அதே ஐந்து. கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போனவருக்கும் கிடைத்ததாகக் கேள்வி. அரைக்கிராமுக்குச் சந்தோஷத்தைவிட ஆற்றாமைதான் அதிகம். "நாப்பது நிமிஷம் அண்ணா" என்று இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்க் ஐம்பத்தொன்பது. நாங்கள் மூவரும் அந்தத் தாளை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். பெரிய டாக்டர் அன்றே பழைய இடத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினார்.

மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு முறைப்படி இருந்தது. ஊழியர் இப்போதுதான் கல்வித் தகுதி பெற்றிருப்பதால், இப்போதுதான் பயிற்சிக்கும் தகுதி பெறுகிறார். ஆறு மாதம் பயிற்சியாளராக இருக்க வேண்டும். வாளிகளைச் சமன் செய்யக் கற்றுக்கொண்டாரா என்று, அந்த மெஷினைத் தற்போது இயக்கிவரும் தகுதியுள்ள ஊழியர் மாதாமாதம் கையெழுத்திட்டுச் சான்று அளிக்க வேண்டும்.

பட்டதாரி அதைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்து, இதில் ஏதாவது எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்றார். இல்லை என்றேன்.

முதல் மாதச் சான்றை அவரால் எழுத முடியவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு தராசு அறைக்கு வந்து, அரைக்கிராம் முன்னால் கூச்சத்தோடு நின்றார். "என்னன்னு எழுதட்டும்க்கா?"

"உள்ளதை எழுதுங்க சார். உங்க பெயருக்குப் பின்னாடி பட்டம் போட மறந்துடாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க."

'பயிற்சியாளர் திருப்திகரமாக முன்னேறி வருகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதமும் அதையே எழுதினார். அந்த ஆறு மாதமும் அரைக்கிராம் வாளிகளை நிறுத்தினார், பட்டதாரி பக்கத்தில் நின்றார். கை கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, ஆனாலும் கட்டிக்கொண்டார். பயிற்சி முடிந்ததும் அவர் ஆவண அறைக்கே திரும்பப் போக விரும்பவில்லை. பக்கத்து அறையில் ரத்தப் பைகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பகல் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். போன மாதம் அரைக்கிராம் அடுத்த வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை, எந்த உத்தரவும் வரவில்லை. வீட்டில் கணவர் பார்த்துவிட்டு, இன்னும் என்ன பரீட்சை என்று பதறினாராம். இப்போது எந்தக் குழாயும் ஒழுகவில்லையே என்று இவர் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

"இதுல எக்ஸோட ஒய்யும் வருது சார்" என்று பட்டதாரி பக்கம் புத்தகத்தைத் திருப்பினார். "ஒண்ணுக்கே முப்பது வருஷம் ஆச்சு."

ஆனால் இங்கே இரண்டு சமன்பாடு கொடுப்பார்களே என்று பட்டதாரி சமாதானம் சொன்னார்.

"அதைப் பாத்துட்டேன். அப்ப ரெண்டு தராசு வேணும்" என்று சொல்லிவிட்டு அரைக்கிராம் டிபன் பாக்ஸைத் திறந்தார்.